அழுகை நான்கு: ஜப்பானியச் சித்திரத் தொடர்களும் ஊவா மலைகளும்

ஜப்பானிய அசைவூட்டச் சித்திரப் படங்களையும் தொடர்களையும் 'அனிமே' என்று அழைக்கின்றனர். எமது நாட்டில் இவை சிறுவர்களின் பொழுதுபோக்கு என்றே நீண்ட காலமாகக் கருதப்பட்டு வந்தன. இன்றோ பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியாகக் கொஸ்லாந்தைக்குச் செல்லும் பஸ்ஸில் அமர்ந்திருக்கும் உயர்தர வகுப்பு மாணவனின் கைத்தொலைபேசியிலும் இவை ஓடிக்கொண்டிருக்கின்றன. வாள் வீச்சுக்காகவும் மாயாஜாலத்துக்காகவும் பார்க்கத் தொடங்கும் இளைஞர்கள், ஈற்றில் கண்கலங்கிப் போவதைப் பெற்றோர் வியப்புடன் நோக்குகின்றனர். கோட்டோவியத்தைப் பார்த்து அழுவதா என்பது அவர்களது கேள்வி.

கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கான விடையின் பெரும்பகுதி நமது பழைய இலக்கணத்திலேயே உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அழுகை என்னும் மெய்ப்பாடு நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறது. அவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்பட்டு எளியனாதல் இளிவு. தாய் தந்தை முதலிய சுற்றத்தாரையும் இன்பம் தந்தவற்றையும் இழத்தல் இழவு. முன்னிருந்த நிலைகெட்டு வேறொருவாறாகி வருந்துதல் அசைவு. நுகர வேண்டியவற்றை நுகரப் பெறாது ஏங்குதல் வறுமை. இதற்கு உரை வகுத்த பேராசிரியர் இன்னொரு வேறுபாட்டையும் காட்டுகிறார். தானே துன்புறுதல் ஒன்று. பிறர் துன்பம் கண்டு துன்புறுதல் இன்னொன்று. பின்னையதே கருணை எனப்படும். திரையின் முன் அமர்ந்திருப்பவன் அழுவது இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. உருவம் இரத்தமும் சதையுமாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை. இருந்திருந்தால் தோற்பாவைக் கூத்தைப் பார்த்து எவரும் அழுதிருக்க மாட்டார்கள்.

இந்நான்கையும் ஒரே படத்தில் காணவேண்டுமாயின் 1988 ஆம் ஆண்டு இசாவோ தகாஹாத்தா இயக்கிய 'மின்மினிகளின் கல்லறை'யைப் பார்க்கலாம். அகியுகி நொசாகா 1967 இல் எழுதிய சிறுகதையைத் தழுவிய படம் இது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில் கோபே நகரம் விமானக் குண்டுகளால் எரிகிறது. கடற்படை அதிகாரி ஒருவரின் பிள்ளைகளான செய்ட்டாவும் நான்கு வயதுத் தங்கை செட்சுகோவும் தாயை இழக்கின்றனர். இது இழவு. உறவினரான அத்தை வீட்டில் அடைக்கலம் புகுகின்றனர். தாயின் உடைகளைக் கொடுத்துப் பெற்ற அரிசியில் கஞ்சித் தெளிவு மட்டும் இவர்கள் கிண்ணத்தில் விழுகிறது. வேலை செய்யாதவர்களுக்குச் சோறு எதற்கு என்ற பேச்சும் கூடவே வருகிறது. இது இளிவு. அதிகாரியின் மகன் வயல்களில் திருடிப் பிடிபட்டு உதை வாங்குவது அசைவு. பழமிட்டாய்த் தகரத்தில் மிட்டாய் தீர்ந்தபின் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி அந்த இனிப்பைக் குடிப்பது வறுமை. பின்னர் அதே தகரத்தில் சிறுமியின் எலும்புத் துண்டுகள் இருக்கின்றன.

பார்ப்பவர் மனதைப் பிசைவது மரணக் காட்சி அன்று; அத்தை வீட்டுக் கஞ்சிக் கிண்ணந்தான். பலரும் இப்படத்தைப் போர் எதிர்ப்புப் படம் என்றே கூறுவர். தகாஹாத்தா அதனை ஏற்கவில்லை. சிறுவயதில் ஒகாயாமா நகரின் மீதான குண்டுவீச்சில் உயிர் தப்பியவர் அவர். ஆயினும், அவமானம் தாங்காமல் சமூகத்தைவிட்டு விலகித் தனியே வாழ முயன்ற ஒரு சிறுவனின் கதையாகவே அவர் அதனைப் பார்த்தார். நொசாகாவின் கதைக்குப் பின்னாலும் ஒரு பாரம் இருந்தது. அவரது வளர்ப்புத் தங்கை 1945 இல் பசியால் இறந்தாள். கதையில் வரும் அண்ணனைப் போலத் தாம் அன்பாக இருக்கவில்லை என்ற குற்றவுணர்வே அவரை எழுத வைத்தது.

படத்தின் இன்னொரு சிறப்பு, முடிவை முதலிலேயே சொல்லிவிடுவதாகும். ரயில் நிலையத் தூணில் சாய்ந்து செய்ட்டா இறப்பதுதான் முதற் காட்சி. இனி என்ன நடக்கும் என்ற ஆவல் அற்றுப்போன பின்னரும் நாம் இமைக்காமல் பார்க்கிறோம். மலையக மக்களுக்கு இது புதிய உத்தி அன்று. மாசி மாதத்தில் காமன் ஊன்றித் தோட்டத்துக் காமன் பொட்டலில் நடைபெறும் காமன் கூத்தில், சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவான் என்பதைக் கூடியிருக்கும் குழந்தையும் அறியும். அறிந்திருந்தும், கெட்ட கனவு கண்ட ரதி போகவேண்டாம் என்று தடுக்கும் கட்டத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்கின்றனர். முடிவு தெரிந்த துயரம் அதிர்ச்சியைத் தருவதில்லை. தடுக்க இயலாமையைத் தருகிறது. அதிர்ச்சி ஒரு நொடியில் கழிந்துபோகும். இயலாமை வீடுவரை கூடவே வரும்.

இளிவைப் பற்றிய அனிமேக்களில் 2016 இல் நவோகோ யமதா இயக்கிய 'மௌனக் குரல்' குறிப்பிடத்தக்கது. காது கேளாத சிறுமி ஒருத்தியை வகுப்பு மாணவர்கள் கேலி செய்கின்றனர். அவளது செவிக் கருவிகள் பிடுங்கி எறியப்படுகின்றன. பின்னர், எறிந்தவனே மற்றவர்களால் ஒதுக்கப்படுகிறான். இழிவுபடுத்தியவனும் இழிவுக்குள்ளாகி, மற்றவர் முகங்களை நிமிர்ந்து பார்க்க இயலாதவனாகிறான். அவன் கண்ணுக்கு எல்லா முகங்களின் மீதும் ஒரு பெருக்கல் குறி விழுந்திருப்பதாகக் காட்டியிருப்பது சித்திரத்தால் மட்டும் இயலும் காரியம். தோட்டத்திலிருந்து நகரப் பாடசாலைக்குச் சென்று 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைக் கேட்டவர்களுக்கு இப்படத்தை விளக்க வேண்டியதில்லை. அச்சொல்லைச் சொன்னவர்களும் தமிழ் பேசுவோரே என்பதை நாம் இலகுவில் மறந்துவிடுகிறோம்.

இழவோடு இளிவும் சேரும்போது துயரம் வேறொரு பொருளாகிவிடுகின்றது. 2020 இலும் 2021 இன் தொடக்கத்திலும் கொவிட் தொற்றைக் காரணங்காட்டி முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. மரணத்தை இறைவனின் நாட்டம் என்று பொறுத்துக்கொண்ட குடும்பங்களும் அந்தச் செயலைப் பொறுக்க இயலாது தவித்தன. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. இழந்ததற்கு ஆறுதல் கூறலாம். இகழப்பட்டதற்கு ஆறுதல் போதாது என்பதை அம்மக்கள் அறிவர்.

வறுமையைப் பொறுத்தவரை எமது நாட்டவர் நினைவில் முதலில் வருவது அனிமே அன்று. 'ஒஷின்' என்னும் ஜப்பானியத் தொலைக்காட்சி நாடகமே. 1983 - 84 இல் 297 பகுதிகளாக ஜப்பானில் ஒளிபரப்பான அது, ரூபவாஹினி மூலம் இங்கும் வீடுதோறும் பேசப்பட்டது. குத்தகை விவசாயி ஒருவரின் ஏழு வயது மகள், ஒரு மூடை அரிசிக்காக வீட்டு வேலைக்கு அனுப்பப்படுகிறாள். பனிபெய்யும் ஆற்றில் படகு அவளைக் கொண்டுசெல்லக் கரையில் பெற்றோர் நிற்கின்றனர். கொழும்பு வீடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய தோட்டத்துத் தாய்மார் அதனை ஜப்பானியக் கதையாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அவ்வாறு அனுப்பப்பட்ட மலையகச் சிறுமி ஒருத்தி 2021 இல் தீக்காயங்களுடன் இறந்தபோது நாடே கொதித்தெழுந்தது. அவளைக் கொழும்புக்கு அனுப்பிய வறுமை பற்றி அதற்கு முன் எவரும் அழவில்லை.

புதிய தலைமுறை கொண்டாடும் 'டீமன் ஸ்லேயர்' தொடரிலும் வறுமைக்கு இடமுண்டு. 2025 இல் தமிழ்க் குரலுடனும் திரையிடப்பட்ட அதன் படத்தில் அக்காசா என்னும் கொடிய அரக்கன் வருகிறான். அவன் முன்னொரு காலத்தில் நோயாளித் தந்தைக்கு மருந்து வாங்கத் திருடிய சிறுவன். மகன் குற்றவாளியாவதைப் பொறுக்காத தந்தை தம் உயிரை மாய்த்துக் கொள்கிறார். அரக்கனைக் கொல்ல வேண்டும் என்று காத்திருந்த பார்வையாளன், அவன் வீழும் நேரத்தில் அவனுக்காகவே அழுகிறான். பகைவனின் துயரத்தையும் துயரமாகக் காட்டுவது ஜப்பானியச் சித்திரக்காரர்களின் பழக்கம். இதனை அவர்களது முதன்மையான பண்பாகவே கருதலாம்.

அசைவு என்பதை விளக்க எமக்குச் சித்திரப்படம் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டே மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். கடைக்கும் வீட்டுக்கும் சொந்தக்காரராக இருந்தவர்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் அகதிகளாயினர். அங்கு மரணம் நிகழவில்லை. எனவே இழவு வீட்டுக்குரிய சடங்கும் இல்லை. நாற்பது நாளில் முடிந்துபோகும் துக்கம் அன்று அது.

மரணமில்லாத பிரிவுக்கும் எமது வரலாற்றில் ஒரு பெயர் உண்டு. 1964 ஒக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும் என முடிவாயிற்று. அதன்படி மலையகத்திலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற ரயிலை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். மு. சிவலிங்கம் தமது சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு அதனையே பெயராகச் சூட்டினார். அண்ணனுக்கு இந்தியப் பிரஜாவுரிமை, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று பிரிந்த குடும்பங்கள் பல. மகோதோ ஷின்காயின் 'வினாடிக்கு ஐந்து சென்ரிமீற்றர்' (2007) என்ற படத்திலும் ரயில் வருகிறது. பனிப்புயலில் மணிக்கணக்காகத் தாமதித்து நிற்கும் அந்த ரயிலில் ஒரு சிறுவன் பிரிந்த தோழியைத் தேடிச் செல்கிறான். அவர்கள் சந்திக்கின்றனர், பின்னர் கடிதங்கள் குறைந்து நின்றுபோகின்றன. எவரும் சாகவில்லை, எவரும் துரோகம் செய்யவில்லை. தூரம் மட்டுமே இருக்கிறது. தமிழ்நாட்டில் குடியேறிய உறவினரிடமிருந்து 1970 களில் வாரந்தோறும் வந்த கடிதம், பின்னர் மாதமாகி, தீபாவளிக்கு ஒன்றாகி, இல்லாது போனதும் இதே வகைத் துயரமே.

கடிதம் என்றதும் 2018 இல் வெளியான 'வயலட் எவர்கார்டன்' தொடரைக் கூறாதிருக்க இயலாது. போரில் இரு கைகளையும் இழந்து உலோகக் கைகளுடன் வாழும் பெண்ணொருத்தி, எழுத இயலாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் தொழிலைச் செய்கிறாள். தீராத நோயுற்ற தாயொருத்தி, தன் சிறிய மகளுக்கு ஆண்டுக்கு ஒன்றாக ஐம்பது பிறந்தநாள்களுக்குச் சேரவேண்டிய கடிதங்களை அவளைக் கொண்டு எழுதி வைக்கிறாள். பார்ப்பவர் அழுவது தாயின் மரணத்துக்காக அன்று. அக்காட்சி படத்தில் இல்லை. ஆண்டுகள் கடந்தும் அன்பு தவறாமல் வந்து சேர்கிறதே என்பதற்காக. இத்துயரத்தைத் தொல்காப்பியரின் நான்கில் எதனுள் அடக்குவது என்பதைப் புலவர்கள்தாம் கூறவேண்டும். லயத்தில் ஒருவருக்கே எழுத்துத் தெரிந்த காலத்தில், மற்றவர்களின் கண்ணீரை எல்லாம் தன் கையால் எழுதிய அந்த ஒருவரின் மனநிலையை எந்தக் கதையும் இன்னும் போதியளவு சொல்லவில்லை.

'மோனோ நோ அவாரே' என்ற சொற்றொடரை ஜப்பானியத் துயரத்தைப் பற்றி எழுதுவோர் எல்லோரும் குறிப்பிடுவர். பொருள்கள் கழிந்து போவதில் உள்ள நெகிழ்வு எனலாம். பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் மொதோரி நொரினாகா இதனை இலக்கியக் கோட்பாடாக்கினார். நாமும் நிலையாமை பேசியவர்களே. ஆனால் நாம் அதனைத் துறவுக்கு வழிகாட்டும் அறிவுரையாக்கினோம். அவர்கள் உதிரும் செர்ரிப்பூவை நின்று பார்த்தார்கள்.

அழவைப்பதற்கென்றே ஒரு தொழில்நுட்பமும் அங்கு வளர்ந்துள்ளது. 'நாகிகே', அதாவது அழவைக்கும் விளையாட்டு என்று ஒரு வகைக் கணினி விளையாட்டே உண்டு. அவ்வகையிலிருந்து பிறந்த 'கிளானட்' தொடரின் இரண்டாம் பாகம் (2008 - 09) இதற்கு உதாரணம். முதற் பாதியில் சிரிப்பும் அன்றாட வாழ்வும். சமையல், பாடசாலை, சிறு சண்டை. பார்ப்பவன் அக்குடும்பத்தில் ஒருவனாகிவிட்ட பின்னரே மனைவி பிரசவத்தில் இறக்கிறாள். துக்கத்தால் ஐந்தாண்டுகள் குழந்தையை ஒதுக்கிவைத்த தந்தை, பூந்தோட்டம் ஒன்றில் மகளை முதன்முறையாக அணைத்து அழுகிறான். முன்னர் மகிழ்ச்சியான நேரத்தில் கேட்ட இசையே இப்போது மெதுவாக ஒலிக்கிறது. சூழ்ச்சி தெரிந்தும் நாம் தப்புவதில்லை.

எமது வீடுகளில் மாலைதோறும் ஓடும் சென்னைத் தொடர்களில் இதைவிட அதிகமாகவே அழுகிறார்கள். பார்ப்பவர் அழுவதில்லை. காரணம், அங்கே மௌனத்துக்கு இடமில்லை. அழுகைக்கு முந்திய மௌனத்தை ஜப்பானியர் நீட்டுகின்றனர். கொதிக்கும் கேத்தல், காலியான கதிரை, மழை விழும் கூரை. முஸ்லிம் வாசகர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) கண்ணீர் சிந்தினார்கள்; ஓலமிடுவதையும் ஆடையைக் கிழிப்பதையும் தடுத்தார்கள். கண்ணீருக்கும் ஓலத்துக்கும் இடையில் இழுக்கப்பட்ட அந்தக் கோடு மிக நுண்ணியது.

ஆனால் ஓலம் அனைத்தும் வெற்றுச் சத்தம் என்று தள்ளிவிடவும் கூடாது. தோட்டத்து ஒப்பாரியைச் சொல் சொல்லாகக் கேட்டவர்கள் ஒன்றை அறிவர். இறந்தவருக்காகத் தொடங்கும் பெண், சிறிது நேரத்தில் தன் கதைக்கு வந்துவிடுவாள். கங்காணியின் ஏச்சு, புகுந்த வீட்டின் கொடுமை, அரைப்பேர் போட்ட நாள், அடகு போன தோடு எல்லாம் அதனுள் வரும். மற்ற நாட்களில் அவளுக்குக் காது கொடுக்க ஆளில்லை. எனவே இழவு என்ற ஒரே வாசல் வழியாக இளிவையும் அசைவையும் வறுமையையும் வெளியே கொண்டுவருகிறாள். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்ததன் பெறுமதி இதுவே.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தைப் பகுதியின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வரிசைகளையும் கோயிலையும் மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. தப்பியவர்கள் கொஸ்லாந்தை, பூனாகலைத் தமிழ்ப் பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டனர். தொலைக்காட்சிக் கமராக்கள் பல வந்தன. அழும் பெண்களின் முகங்கள் அருகில் காட்டப்பட்டன. அழுகையின் சொற்கள் மட்டும் பின்னணி இசையின் கீழ் அமிழ்த்தப்பட்டன. அச்சொற்களில் 2005 இன் எச்சரிக்கையும் 2011 இன் எச்சரிக்கையும் இருந்தன.

புதையுண்டோர் பலரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. உடலற்ற இழவு தனி வகை. மகன் நபி யூசுபை (அலை) ஓநாய் தின்றுவிட்டதாகக் கூறப்பட்டதை ஏற்காமல், அழுதழுது கண் பார்வை மங்கிய நபி யஃகூபின் (அலை) வரலாற்றைத் திருக்குர்ஆனின் பன்னிரண்டாம் அத்தியாயம் கூறுகிறது. உறுதியாகாத இழப்பில் நம்பிக்கையும் துயரமும் ஒன்றையொன்று தின்னும். ஷின்காயின் 'சுசுமே' (2022) இதனையே பேசுகிறது. 2011 மார்ச் 11 இன் கடற்கோளில் தாயை இழந்த சிறுமி, தாய் செய்துகொடுத்த சிறிய கதிரையுடன் நாடு முழுவதும் கைவிடப்பட்ட இடங்களில் திறந்து கிடக்கும் கதவுகளை மூடிச் செல்கிறாள். கதவை மூடுமுன், அங்கு வாழ்ந்தவர்களின் அன்றாடக் குரல்களை அவள் செவிமடுக்க வேண்டும். போய்வருகிறேன், சாப்பிட வா என்பன போன்ற பேச்சுக்கள். மீரியபெத்தையில் அக்காலை வேளையும் அத்தகைய பேச்சுகளால்தான் நிறைந்திருக்கும்.

அதே இயக்குநரின் 'உன் பெயர்' (2016) எமக்கு இன்னும் நெருங்கியது. வால்வெள்ளியின் துண்டொன்று விழுந்து இத்தோமோரி என்ற மலைக்கிராமம் அழிந்துவிட்டது. அங்கு ஐந்நூறு பேர் மாண்டனர். காலம் பின்னோக்கித் திரும்ப, கிராமத்துப் பெண் முன்கூட்டியே அறிந்துகொள்கிறாள். ஊர்த்தலைவரான அவளது தந்தை நம்ப மறுக்கிறார். பிள்ளைகள் ஒலிபெருக்கியைக் கைப்பற்றி அறிவிக்கின்றனர். ஈற்றில் மக்கள் வெளியேற்றப்பட்டு உயிர் தப்புகின்றனர். 2011 க்குப் பின் ஜப்பானியர் அனைவரது மனதிலும் இருந்த ஆசை அது. முன்பே தெரிந்திருந்தால் என்ற ஆசை. அதனால்தான் அரங்குகளில் அவ்வளவு கண்ணீர்.

மீரியபெத்தையில் முன்பே தெரிந்திருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை இரு தடவை வந்தது. ஒலிபெருக்கியைக் கைப்பற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை. செல்வதற்குத்தான் இடமில்லை. பரம்பரையாக வாழ்ந்த லயன் அறைக்கும் உறுதி இல்லை. வேறோரிடத்தில் வீடு கட்ட ஒரு பேர்ச் காணியும் இல்லை. தப்பியவர்களுக்கு மாகல்தெனியவில் புதிய வீடுகள் கிடைக்க இரண்டு ஆண்டுகள் சென்றன.

2023 மார்ச் 19 இரவு பூனாகலையின் கபரகலைத் தோட்டத்தில் மீண்டும் மண் சரிந்தது. பலர் காயமடைந்தனர், லயன் அறைகள் சிதைந்தன, குடும்பங்கள் மறுபடியும் தற்காலிக இடங்களுக்குப் போயின. உயிரிழப்பு இல்லை என்பதால் ஓரிரு நாட்களில் செய்தி அடங்கிவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைச் சிதைத்தபோது கமராக்கள் திரும்ப வந்தன. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளில் அந்தக் குடும்பங்கள் அனுபவித்தது இழவு அன்று, அசைவு. அதனைப் படம்பிடிக்க ஒருவரும் வரவில்லை.